ஆணிக்கு ஆயிரம் பெயர் சேர்த்த தாயம்மா

ஆற்றங்கரையின் அணிகலனே! அளவுகோலுக்கும் அன்புக்கும் அரசியே! கேட்ட சொல்லைக் கீழே விழவிடாத கெட்டிக்காரச் செவியே! ஃபிஜித் தீவு நவுவா ஊரின் நன்மதிப்பே! முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்கள் இரும்புக்கடையின் முகப்பில் நின்று, வந்தவர் கேட்ட பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்து, வந்தவர் சொன்ன சொல்லை நெஞ்சில் எடுத்து வைத்துக்கொண்ட எங்கள் அருமை அக்கா, திருமதி தாயம்மா சிவன் அவர்களே! உங்கள் உடன் உழைத்தோர் ஒன்றுகூடி, உள்ளம் குளிர்ந்து, உரக்கச் சொல்லும் வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் 'தாங்கள் இவ்வாறு செய்தீர்கள், தாங்கள் அவ்வாறு ஒளிர்ந்தீர்கள்' என்று முகத்துக்கு நேரே புகழ்வதுதான் வழக்கம். அப்படிப் புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்துவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நகாசியிலிருந்தும் தலைநகர் சுவாவிலிருந்தும் வந்திருக்கும் விருந்தினர் பலருக்கோ உங்கள் கதை முழுதாகத் தெரியாது. ஆகவே யாரோ ஒரு தாயம்மாவின் கதையைப் போலச் சொல்லிவிடுகிறோம். நீங்களும் யாரோ ஒருத்தியின் கதையைப் போலக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களில் தமிழ் எழுதத் தெரிந்தவன் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கணக்கெழுத வந்த நான் ஒருவனே ஆகையால் எழுதியது என் கை. தமிழ் புரியாத இளையவர்களுக்காக, நம் முதலாளி ஷைலேந்திரா இடையிடையே ஃபிஜி இந்தியில் விளக்குவார். அவர் தவறாக விளக்கினால் திருத்துங்கள். எப்போதும் திருத்தியவர்தானே!

நவுவாவில் நெல் விளைவித்த ஒரு குடும்பத்தில் பிறந்த தாயம்மா, 1970ஆம் ஆண்டு, ஷைலேந்திராவின் தந்தை காலத்தில் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இரும்புக்கடை முகப்பில் ஒரு பெண் நிற்பது அன்று புதுமை. வருகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "கடக்காரரு இல்லியா?" என்று கேட்பார்கள். நானே கடைக்காரி என்று சொல்லும் துணிவு அவருக்கு இன்னும் வரவில்லை.

சேர்ந்த வாரமே ஒரு காலை, அப்பல்சாமி என்ற தச்சர் வந்தார். நவுவாவில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர். வந்தவர் தாயம்மாவைத் தாண்டிப் பார்க்காமல் நேராக அவரிடமே கேட்டார்.

"ரசமட்டம் ஒண்ணு குடும்மா."

"ரசமா? அது பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில கெடைக்கும் மாமா."

"சாப்பிடற ரசம் இல்லம்மா. உள்ள ரசம் ஓடும். நடுவுல ஒரு முட்ட நிக்கும். முட்ட நடுவுல நின்னா செவுரு சரி."

ரசமே புரியாதிருக்க, இப்போது முட்டையும் சேர்ந்துகொண்டது. தாயம்மா கயிற்றை எடுத்துக் காட்டினார். சாந்துக் கரண்டியைக் காட்டினார். சாயப் புட்டியைக் காட்டினார். அப்பல்சாமி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே கையை நீட்டி, தாயம்மாவின் தலைக்கு மேலே சுவரில் தொங்கியதைக் காட்டினார். கடையில் எல்லோரும் ஸ்பிரிட் லெவல் என்று சொல்லும் கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் மஞ்சள் நீர். அதற்குள் ஒரு குமிழி. அந்தக் குமிழிதான் முட்டை.

தாயம்மா சிரித்த சிரிப்பில் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அன்று பேருந்தில் வீடு திரும்புகையில் வழியெல்லாம் 'ரசமட்டம், ரசமட்டம்' என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மடித்த நோட்டு ஒன்று அகப்பட்டதுபோல ஒரு குதூகலம். இதே ஊரில், இதே தெருவில், இத்தனை நாளாக இந்தச் சொல் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று வியப்பு. இன்னும் எத்தனை நடமாடுகின்றனவோ என்று ஓர் ஆசை. மறுநாள் காலை ஓர் அட்டைத் துண்டில் 'ரசமட்டம்' என்று எழுதி, கம்பியால் கட்டி, அந்தக் கருவிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்து அவருக்கு அன்றுதான் முதல்முறையாகப் பயன்பட்டது.

அதன்பின் கடையின் தட்டுகளில் அட்டைகள் பெருகின. திருகாணி முடுக்கும் கருவியை ஒருவர் 'பேச்கஸ்' என்பார். ஒருவர் 'திருப்புளி' என்பார். சுவரின் நேர் பார்க்கும் குண்டை ஒருவர் 'தூக்குக்குண்டு' என்பார்; இன்னொருவர் 'தொங்கட்டான்' என்பார். மேலாற்றுக் கிராமத்திலிருந்து நீண்ட படகில் சனிக்கிழமைதோறும் சாமான் வாங்க வரும் செமேசா என்ற ஃபிஜியர், ஆணிக்கு 'இவாகோ' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தமிழ்ச் சொல்லை விலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஆணி" என்று அவர் சொல்லும்போது கடைசி எழுத்து நீண்டு படகுபோலப் போகும். எந்தச் சொல்லும் தாயம்மாவுக்கு ஆகாத சொல் இல்லை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒருமுறை எங்கள் விற்பனைப் பையன் ரித்தேஷ், அகராதி ஒன்றிலிருந்து அழகான சொல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

"யாரு சொன்னது?" என்று கேட்டார் தாயம்மா.

"புக்ல இருக்கு அக்கா."

"புக்கு வந்து ஆணி வாங்குமா? ஒரு மனுசன் வாயிலேந்து வரட்டும். அப்ப எடுத்துக்கறேன்."

அவருடைய கணவர் சிவன் பேருந்து மெக்கானிக். இதோ, முன் வரிசையில், இந்த வெயிலிலும் சிட்னியில் வாங்கிய கோட்டோடு அமர்ந்திருக்கிறார். நல்லவர், உழைப்பாளி, சொல் விஷயத்தில் மட்டும் சிக்கனக்காரர். "ஆணிய ஆணின்னு சொன்னா பத்தாதா? அதுக்கு எதுக்கு அஞ்சு பேரு?" என்பார். தாயம்மாவோ, கொத்துமல்லி பிடிக்காதவரிடம் கொத்துமல்லியைப் பற்றி என்ன பேசுவது என்று விட்டுவிடுவார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் 1987ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. சுவாவில் துப்பாக்கியோடு படை புகுந்து, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இருந்த அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தது. வானொலி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது: கூ, ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல். கடை சில நாள் அடைத்துத் திறந்த அன்று, ஒரு பெரியவர் முகப்பில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, கூ கூன்றாங்களே, என்னாது அது? குயிலு கத்துதா?"

அத்தனை பயத்திலும் கடையே சிரித்தது. தாயம்மாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சொல்லை அவர் அட்டையில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட சொல் அது ஒன்றுதான் என்று பின்னாளில் சொன்னார்.

அதற்குப் பிறகு கடையில் வியாபாரம் மாறியது. வேலிக்கம்பி கேட்டவர்கள் பூட்டு கேட்டார்கள். கூரைத் தகடு கேட்டவர்கள் பெட்டிக்குப் பட்டை இரும்பு கேட்டார்கள். வீடு கட்ட வந்தவர்கள் வீட்டை மூட்டை கட்ட வந்தார்கள். "பேப்பர் வந்திடுச்சா?" என்பதே ஊரின் குசலமாயிற்று. பேப்பர் என்றால் செய்தித்தாள் இல்லை; வெளிநாட்டில் குடியேற அனுமதி. சிவனுக்குச் சிட்னியில் அண்ணன் இருந்தார். அவர் மூலம் சிவனுக்கும் பேப்பர் வந்தது.

"கெளம்பலாம் தாயம்மா. இங்க இனிமே நமக்கு என்னா இருக்கு?" என்றார் சிவன்.

"எனக்கு இருக்குதுங்க."

"என்னா? அட்டயா? சொல்லு பொறுக்கறதுக்கு ஒரு ஊரா? உசுரு பெருசா, சொல்லு பெருசா?"

சிவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டில் கல் விழுந்ததை இருவருமே பார்த்திருந்தார்கள். மகள் வந்தனா மணமாகி வட்டுகோலாவில், தங்கச் சுரங்க வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். "போங்கம்மா, என்னப் பத்திக் கவலப்படாதீங்க" என்று அவளும் சொல்லிவிட்டாள். அடுத்த ஆண்டு தாயம்மா கிளம்பினார். கடையில் விடைபெற வந்தபோது எல்லோரையும் கும்பிட்டார். தட்டுகளின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

சிட்னியில் அவருக்கு வேலை கிடைத்தது; அதுவும் ஓர் இரும்புச் சாமான் கடையிலேயே. நம் கடையைப் போல இருபது கடைகளை உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு பெரிது. சம்பளம் நல்ல சம்பளம். மேற்பார்வையாளர் மரியாதையானவர். ஆனால் அங்கே வருகிறவர்கள் யாரும் எதையும் கேட்பதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள், தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், பணத்தைக் கொடுப்பார்கள், ஒரு புன்னகையோடு போய்விடுவார்கள். ஒருவரும் கையால் படம் வரைந்து காட்டி, 'அதும்மா, இப்படி வளஞ்சிருக்குமே, அது' என்று தவிக்கவில்லை. தாயம்மா பொறுத்துப் பார்த்தார். ஒரு குளிர்காலம் போய் ஒரு கோடை வந்தது.

"நூறு பேரு வராங்க. ஒரு சொல்லு வரல" என்று ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

சிவன் அதை விளையாட்டென்று எண்ணினார். தாயம்மா பயணச்சீட்டைக் காட்டியபோதுதான் அவருக்கு விளங்கியது. சண்டை வந்தது. பெரிய சண்டை. 'போனா திரும்பி வராத' என்று அவரும், 'வரமாட்டேன்' என்று இவரும் சொல்லிக்கொண்டார்கள்.

நாடி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட விமானங்களெல்லாம் நிரம்பி வழிந்த காலம் அது. தாயம்மா வந்த விமானத்திலோ பாதி இருக்கைகள் காலி. கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"சப் லோக் ஜாத்தா. தும் காஹே ஆத்தா?" என்றார். எல்லோரும் போகிறார்கள், நீ எதற்கம்மா வருகிறாய் என்று.

"காம் ஹே" என்றார் தாயம்மா. வேலை இருக்கிறது.

சுவா போகும் பேருந்தில் ஏறியவர் நவுவாவில் இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேரே கடைக்கு வந்தார். முகப்பில் அப்போது இளைஞராக இருந்த ஷைலேந்திரா, எதையோ கேட்டு மன்றாடிக்கொண்டிருந்த ஒரு பால்காரரிடம் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். தாயம்மா பெட்டியைக் கீழே வைத்தார். பால்காரரைப் பார்த்து, "என்னா கேட்டீங்க? இன்னொரு தபா சொல்லுங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த பசியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை என்பார் ஷைலேந்திரா.

ஆனால் அந்த நாட்கள் சுகமானவை அல்ல. வீட்டில் அவர் தனியாள். சிட்னியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை கடைத் தொலைபேசிக்கு அழைப்பு வரும். கூரை ஒழுகுகிறதா என்பார் சிவன். இல்லை என்பார் தாயம்மா. உடம்பு எப்படி என்பார்; இருக்கிறது என்பார். வைத்துவிடுவார்கள். வைத்தபின் தாயம்மா சற்று நேரம் ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பார், ஏற்கெனவே பிரித்த ஆணிகளை. சொல் பெரிதா என்று சிவன் கேட்டது சரிதானோ என்று அப்போதெல்லாம் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை நண்பகல், மாதம் முடியும் முன்பே, தொலைபேசி அடித்தது. கடை நிறையக் கூட்டம். தாயம்மா எடுத்தார். கூரையைப் பற்றிக் கேட்கவில்லை சிவன்.

"தாயம்மா... ஒரு சொல்லு இருக்கு" என்றார்.

தாயம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யாரு சொன்னது?"

"டிப்போவுல கூட வேல செய்யறாரு, ஒரு சிலோன்காரரு. அவரு தமிழே வேற மாதிரி இருக்கு. 'கெதியா'ன்றாரு."

"கெதியாவா? அப்படின்னா?"

"சீக்கிரமான்னு அர்த்தமாம்."

"எப்படிச் சொல்லுவாராம்? பேச்சுல வெச்சுச் சொல்லுங்க."

சிவன் சொன்னார்: "கெதியா வா."

ஆணிக்கு நின்றவர்கள், கயிற்றுக்கு நின்றவர்கள், எல்லோரும் தாயம்மாவையே பார்த்தார்கள்.

"நீங்க வாங்க" என்றார் தாயம்மா. "நீங்க கெதியா வாங்க."

அவர் அவ்வளவு கெதியாக வந்துவிடவில்லை. வேலையை விட்டு, அண்ணனைச் சமாதானப்படுத்தி, வந்து சேர அடுத்த கிறிஸ்துமஸ் ஆயிற்று. அதுவரை சனிக்கிழமை தவறாமல் ஒரு சொல் வந்தது. அழகுக்கு 'வடிவு' வந்தது. பைத்தியத்துக்கு 'விசர்' வந்தது. அதைச் சொல்லிவிட்டு, "அது நீதான்" என்றும் சொன்னாராம். நாடி விமான நிலையத்தில் தாயம்மா அவரை எதிர்கொண்டபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் அவர்கள் இருவரும் சொல்ல மறுக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு, அதே மே மாதம், வானொலியில் அதே சொல் மீண்டும் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெளியே ஆட்கள் கூட்டமாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். "தொறக்காதீங்க அக்கா" என்றார் ஷைலேந்திரா. மறுபடி தட்டல். பிறகு, எழுத்தை நீட்டி, ஒரு குரல்: "தாயம்மா! ஆணீ!"

தாயம்மா எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினார். செமேசா நின்றார், தலை முழுக்க நரைத்து, படகுப் பலகை பிளந்துவிட்ட கவலையோடு. "இவாகோ எந்த அளவு?" என்று கேட்டார் தாயம்மா. செமேசா அளவைச் சொன்னார், தாயம்மா கொடுத்தார், அவர் வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். ஊரில் வேறொன்றும் மாறிவிடவில்லை. ஆனால் தாயம்மா ஷட்டரைத் திரும்ப இறக்கவில்லை. சற்று நேரத்தில் இன்னொருவர் கயிறு கேட்டு வந்தார்.

அன்று மாலை சிவன் கடைக்கு வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார். "அண்ணன் போன் பண்ணாரு. மறுபடியும் வரச் சொல்றாரு" என்றார் வழியில்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வேல இருக்குன்னேன்."

அந்த நாட்களில் எங்களில் எத்தனையோ பேர் போனார்கள். போனவர்கள் குற்றவாளிகள் அல்லர். அவர்களும் பிழைக்கப் போனவர்கள்தான். சிட்னியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும்போது இந்தக் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், அட்டைகளை வாசித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தன் தந்தை சொன்ன சொல்லைக் கண்டு, தன் பிள்ளைக்குச் சொல்லிக்காட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் தாயம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் சுத்தியல்களைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் இருக்கும் நிறைவை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

சொற்செல்வியே! கதை முடிந்தது, இனி உங்களிடமே பேசுகிறோம்.

உங்களுக்கு என்ன பரிசு தருவது என்று நாங்கள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. கைக்கடிகாரம் என்றார் ஒருவர். பட்டுச்சேலை என்றார் ஒருவர். நீங்கள் கேட்டிராத ஒரு சொல் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய செலவு என்று! ரித்தேஷ் கொண்டுவந்த சொல்லெல்லாம் தட்டில் ஏற்கெனவே தொங்கின. கடைசியில் தாழ்ப்பாள் தட்டில் நின்றோம். தாழ்ப்பாளுக்கு ஐந்து பெயர் தொங்கின. ஆனால் தாழ்ப்பாள் போய் நுழைகிறதே, நிலையில் அடித்திருக்கும் அந்தச் சிறு வளையம், அதற்கு மட்டும் 'அதோட ஜோடி' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பெயர் சொல்லி யாரும் உங்களிடம் கேட்டு வாங்கியதில்லை.

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் அதற்குப் பெயர் 'நாதாங்கி'. புத்தகத்தில் எடுத்தது அல்ல. சென்ற மாதம் என் மாமியார் தொலைபேசியில், "நாதாங்கி கழண்டு தொங்குது, ஆளக் காணோம், நீங்க என்னமோ ஃபிஜில உக்காந்திருக்கீக" என்று என்னைத் திட்டியபோது சொன்னது. தாழ்ப்பாளின் நாக்கைத் தாங்குவதால் நாதாங்கி. ஊரார் நாவையெல்லாம் இத்தனை ஆண்டுகள் தாங்கிய உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எங்கள் கடையில் இல்லை அம்மா. எடுத்துக்கொள்ளுங்கள், ரசீது வேண்டாம்!

வரும் வாரம் நீங்களும் சிவன் அண்ணனும் வந்தனாவோடு இருக்க வட்டுகோலாவுக்குப் போகிறீர்கள். தாவுவாவில் இறங்கி, சுரங்கத்துக்குப் போகும் பேருந்தில் ஏறுங்கள். பூமிக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கென்று தனிப் பேச்சு இருக்கிறதாம். அந்தப் பேருந்திலேயே பேசிக்கொண்டு வருவார்களாம். சன்னல் ஓரம் வேண்டாம். அவர்களுக்கு நடுவே உட்காருங்கள். கண்ணும் காதும் கூர்மையாக, காலும் கையும் உறுதியாக, கவலை எட்டாத கனிந்த மனத்தோடு, கணவரும் மகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, பல்லாண்டு பல்லாண்டு வாழ்க! கேட்கக் கேட்கத் தீராத பேச்சு உங்களைச் சுற்றி என்றும் நிறைக!

என்றும் உங்கள் அன்புக்குரிய,
ஆற்றங்கரை இரும்புக்கடை ஊழியர்கள்,
நவுவா, 2008.